ஸ்டோர் பட்டியலில் இல்லாத நூல்

“அந்த ஐட்டமே நம்ம லிஸ்ட்ல இல்லையே, மேடம்.”

எங்கள் மருத்துவமனையின் ஸ்டோர் பொறுப்பாளர் இதைச் சொல்லிச் சில வருடங்கள் இருக்கும். கோபமாகச் சொல்லவில்லை, தட்டிக் கழிக்கவும் இல்லை. கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு உள்ளதை உள்ளபடி சொன்னார். நான் கேட்டது ஒரு தையல் நூல். டூ ஸீரோ என்கிற மெல்லிய அளவில், சின்ன ஊசி வைத்தது. பட்டியலில் இருந்ததோ வயிறு மூடுவதற்கென்று காலங்காலமாக வாங்கி வந்த ஒன்றாம் நம்பர் லூப் நூல், அதாவது இரட்டையாக மடித்த தடித்த நூல், பெரிய ஊசியோடு. “ரெண்டும் ஒரே நூல்தானே மேடம், தடிமன்தானே வேற?” என்று கேட்டார். ஸ்டோர் வாசலில் நின்றபடி பதில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வி இல்லை அது. அன்றிலிருந்து மனசில் கிடந்து உறுத்துவதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நான் மதுரையில் பொது அறுவை சிகிச்சை செய்கிறவள். பெரியாஸ்பத்திரியில் படித்தேன். இப்போது நகரத்தின் ஓரத்தில் இருக்கும் நடுத்தர அளவு அறக்கட்டளை மருத்துவமனை ஒன்றில் வேலை. உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம், மேலூர்ப் பக்கத்துச் சனங்கள் வந்து போகிற இடம். வலி மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கி விழுங்கிக் குடலில் ஓட்டை விழுந்தவர்கள், குடல் முறுக்கிக்கொண்டவர்கள், கட்டியோடு வருகிறவர்கள் என்று வயிற்றைத் திறக்கவேண்டிய வேலை ஓய்வதே இல்லை. திறப்பதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். மூடுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. பெரிய ஆபரேஷன் முடிந்து, சீனியர் கையுறையைக் கழற்றிவிட்டுப் போன பிறகு ஜூனியர் செய்கிற வேலை என்றுதான் அதற்குப் பெயர்.

ஆனால் வயிற்றைத் தாங்குவது அந்த வேலைதான். வெளியே தெரிகிற தோல் தையல் நோயாளியின் கண்ணுக்கு. உள்ளே, நடு வயிற்றில் மேலிருந்து கீழாக ஓடுகிற வெள்ளைச் சவ்வுப் பட்டையில் போடுகிற தையல்தான் இருமும்போதும், குடம் தூக்கும்போதும், முக்கும்போதும் குடலை உள்ளே பிடித்து வைக்கிறது. அது விட்டுக்கொடுத்தால் தழும்பு வழியாகக் குடல் பிதுங்கும். இன்சிஷனல் ஹெர்னியா என்போம். உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர், எங்களிடமே ஆபரேஷன் செய்துகொண்டவர், ஒரு வருடம் கழித்து வந்தார். “டாக்டரம்மா, இருமுனா வயித்துல பந்து மாதிரி எந்திரிக்கிது” என்றார். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். மண்சட்டி தூக்க முடியவில்லை என்பதுதான் அவருடைய பெரிய கவலை. அவர் வயிற்றை மூடிய விதத்தில் குறை எதுவும் இல்லை. புத்தகத்தில் உள்ளபடி, நாங்கள் எல்லோரும் கற்றுக்கொண்டபடி, ஸ்டோரில் இருந்த நூலால் மூடியதுதான்.

அந்தப் புத்தக முறை என்னவென்று சொல்லிவிடுகிறேன். 1976-இல் ஜென்கின்ஸ் என்ற சர்ஜன், காயத்தின் நீளத்தைப் போலக் குறைந்தது நான்கு மடங்கு நூல் உள்ளே போகவேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். அதை வைத்து, ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில், தடிமனான நூலால் தைப்பது வழக்கமாயிற்று. 2015-இல் நெதர்லாந்துக்காரர்கள் 560 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்துச் செய்த ஆய்வு லான்செட் இதழில் வந்தது. ஒரு பிரிவுக்கு இந்தப் பழைய முறை. இன்னொரு பிரிவுக்கு ஐந்து மில்லிமீட்டர் தள்ளி, ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில், பொடிப்பொடியாகத் தையல். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பழைய முறையில் 21 சதவீதம் பேருக்கு ஹெர்னியா, பொடித் தையலில் 13 சதவீதம் பேருக்கு. அது முன்கூட்டியே நாள் குறித்துச் செய்த ஆபரேஷன்களில் செய்த ஆய்வு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வருகிற சீழ் வயிற்றுக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது. அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும், எங்கள் தியேட்டரில் நாள் குறித்துச் செய்கிற ஆபரேஷன்களுக்குப் பஞ்சமில்லை.

பழைய முறைப் பெரிய தையலுக்கு அந்த ஆய்வுக்காரர்கள் வைத்துக்கொண்டது ஒன்றாம் நம்பர் லூப், 48 மில்லிமீட்டர் ஊசி. பொடித் தையலுக்கு டூ ஸீரோ நூல், 31 மில்லிமீட்டர் ஊசி. ஸ்டோர்க்காரர் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. ஊசி எவ்வளவு வளைவோ அவ்வளவு சதையை அது அள்ளும். பெரிய ஊசியை வைத்துக்கொண்டு ஐந்து மில்லிமீட்டர் மட்டும் எடு என்றால், மணிக்கட்டைப் பாதியில் நிறுத்தி, ஊசியைச் சாய்த்துச் சாய்த்துப் பிடுங்க வேண்டியிருக்கும். ஊசி போன ஓட்டையும் நூலைவிட அகலமாகக் கிழியும். அதனால் கை தன்னாலேயே பழைய அளவுக்குப் போய்விடும். சர்ஜன் ஆய்வைப் படித்திருக்கிறாளா, நம்புகிறாளா என்பதற்கு அங்கே வேலையே இல்லை. ட்ரேயில் என்ன ஊசி இருக்கிறதோ அதுதான் தைக்கிறது.

அப்புறம்தான் எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் மருத்துவமனையில் வயிறு மூடும் முறையை முடிவு செய்தது நானோ எங்கள் துறையோ இல்லை. என்றோ ஒரு நாள் யாரோ ஒருவர் போட்ட ஐட்டம் நம்பர். அதை வருடா வருடம் புதுப்பித்து வந்த கொட்டேஷன்.

## மதுரைக்காரர்களுக்குத் தெரிந்த கதை

இந்த விஷயத்தை மதுரையில் யாருக்கும் நீட்டி விளக்க வேண்டியதில்லை. நம் பாட்டி தாத்தாக்கள் போட்டிருந்த சோடாபுட்டிக் கண்ணாடி ஞாபகம் இருக்கிறவர்களுக்குத் தெரியும். கண்புரை ஆபரேஷன் என்றால் அன்றைக்கு லென்ஸை அதன் உறையோடு சேர்த்து முழுசாக எடுத்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக மூக்கின் மேல் அந்தக் கனத்த கண்ணாடி. கண்ணாடி உடைந்தால் பார்வையும் போச்சு. கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைக்க முடியும் என்பது தெரியாமல் இல்லை. 1949-இலேயே லண்டனில் ஹெரால்ட் ரிட்லி வைத்துக் காட்டிவிட்டார். டாக்டர் வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய பிறகும் நெடுங்காலம் ஏழை நோயாளிக்குக் கிடைத்தது கண்ணாடிதான். காரணம் சர்ஜன்களின் கையிலோ படிப்பிலோ இல்லை. வெளிநாட்டு லென்ஸ் ஒன்றின் விலை 100 டாலர் அளவில் இருந்தது.

1992-இல் ஆரோலேப் தொடங்கி, சுமார் 10 டாலருக்கு இங்கேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்தார்கள். சிவகங்கை ரோட்டில் வீரபாஞ்சானைத் தாண்டும்போது இப்போதைய கட்டடத்தைப் பார்க்கலாம். லென்ஸ் கைக்கு எட்டியதும் ஆபரேஷனே மாறியது. உறையை உள்ளே விட்டுவைத்து அதில் லென்ஸைப் பொருத்துகிற முறை இலவச வார்டுக்கும் வந்தது. சின்னத் துளை வழியாகத் தையலில்லாமல் செய்கிற முறையும் பின்னாலேயே பரவியது. எத்தனை மாநாடு போட்டிருந்தாலும் அந்த மாற்றம் அத்தனை சீக்கிரம் வந்திருக்காது. பொருள் வந்தது, கை மாறியது.

இந்தக் கதையில் எல்லோரும் விலையைத்தான் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. லென்ஸ் செய்கிறவர்களும் அதைக் கண்ணுக்குள் வைக்கிறவர்களும் ஒரே ஊரில், ஒரே நிறுவனக் குடும்பத்தில் இருந்தார்கள். லென்ஸைக் கண்ணுக்குள் பிடித்துவைக்கிற கால் வளைகிறது என்று சர்ஜன் சொன்னால் அது அப்படியே செய்கிறவர் காதுக்குப் போகிற தூரம். எங்களைப் போன்ற மருத்துவமனைகளில் என் கைக்கும் நூல் செய்கிறவருக்கும் நடுவில் ஏரியா மேனேஜர், டீலர், ஸ்டோர், அக்கவுண்ட்ஸ், பர்சேஸ் கமிட்டி என்று ஆட்கள். ஒருவர் மேலும் குற்றமில்லை. ஆனால் ஊசி முனை மழுங்குகிறது என்று நான் சொல்வது, கடைசி ஆளைப் போய்ச் சேரும்போது “டாக்டருக்கு இந்தக் கம்பெனி பிடிக்கவில்லை” என்று ஆகியிருக்கும்.

## சர்ஜன் சொல்வதை ஏன் நம்பமாட்டேன் என்கிறார்கள்

நம்பாததற்குக் காரணம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தம் இல்லை. சர்ஜன் கேட்கிற பிராண்டுக்குப் பின்னால் கம்பெனி கட்டிய மாநாட்டுப் பணமும் ஓட்டல் பில்லும் இருந்த காலம் ஒன்று உண்டு. இன்னும் முழுசாகப் போய்விட்டது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. மருத்துவக் கருவிக் கம்பெனிகளுக்கென்று தனி நடத்தை விதி 2024-இல்தான் வந்தது. அதற்கு முந்தி, முட்டி மாற்று உறுப்புகளின் விலையில் எவ்வளவு காற்று இருந்தது என்பதை ஊரே பார்த்தது. 2017 பிப்ரவரியில் இதய ரத்தக் குழாயில் வைக்கிற, மருந்து தடவிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்றும், ஆகஸ்டில் சாதாரணக் கோபால்ட் குரோமியம் முட்டிக்கு 54,720 ரூபாய் என்றும் மத்திய அரசின் விலை ஆணையம் உச்சவரம்பு போட்டபோது, நேற்றுவரை அதைப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கொடுத்தவர்கள் எங்களைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. ஆகவே ஸ்டோரும் அக்கவுண்ட்ஸும் “டாக்டர் கேட்கிறார்” என்பதை மட்டும் காரணமாக ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் கருத்தும்.

ஆனால் அந்தச் சந்தேகத்தைச் சாக்காக வைத்து, தைக்கிறவளின் கையைக் கேட்காமலே விலையை மட்டும் பார்த்து வாங்குவது எந்த விதத்திலும் நேர்மை ஆகாது. இன்னொரு சாக்கும் உண்டு. “நீங்கள் பெரியாஸ்பத்திரியில் படித்தவர், எதை வைத்தும் செய்துவிடுவீர்கள்.” பாராட்டாகத்தான் சொல்வார்கள். உண்மைதான், அங்கே படித்தவர்களுக்கு எது இருக்கிறதோ அதை வைத்து உயிரைக் காப்பாற்றத் தெரியும். நடுராத்திரியில், வேறு வழியில்லாதபோது காட்டவேண்டிய திறமை அது. பகலில் உட்கார்ந்து பட்டியல் போடும்போது அதை நம்பிக் குறைந்த பொருளை வாங்குவது, அந்தத் திறமையைத் திருடுவதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. காப்பீட்டுத் திட்டக் கேஸ்களில் இது இன்னும் இறுகுகிறது. ஒரு சிகிச்சைக்கு இவ்வளவு என்று தொகை முதலிலேயே முடிவாகிவிடும், நூலும், ஹெர்னியாவுக்கு உள்ளே வைக்கிற வலையான மெஷ்ஷும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். எங்கே குறைக்கலாம் என்று தேடுகிற கண் முதலில் போய் நிற்பது ஸ்டோர் பட்டியலில்தான்.

## ஸ்டோர்க்காரர் தியேட்டருக்கு வந்த நாள்

கமிட்டியில் லான்செட் தாளைக் காட்டிப் பேசிப் பார்த்தேன். மரியாதையாகக் கேட்டார்கள், அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினார்கள். அதன் பிறகுதான் ஸ்டோர் பொறுப்பாளரிடமே கேட்டேன், “அண்ணே, ஒரு நாள் தியேட்டருக்குள்ள வந்து பார்க்கிறீங்களா?” என்று. அத்தனை வருட சர்வீஸில் தியேட்டர் கதவுக்கு இந்தப் பக்கமே நின்று பொருளைக் கொடுத்துப் பழகியவர். நோயாளியின் சம்மதம், சூப்பரின்டெண்டன்ட் அனுமதி எல்லாம் வாங்கி, பச்சை உடுப்பு, தொப்பி, மாஸ்க் போட்டுக்கொண்டு சுவரோரமாக வந்து நின்றார். நான் அவருக்காக எதையும் செய்து காட்டவில்லை. வழக்கமான கேஸ், வழக்கமான நூல்.

மேலிருந்து தைத்துக்கொண்டு வந்தேன். பாதி தூரம் வந்ததும் ஊசி முனை மழுங்கிவிட்டது. புதிதாகக் குறைந்த விலைக்கு வாங்கிய நூல் அது. முதல் சில தையலுக்கு வழுக்கிக்கொண்டு போகும். அப்புறம் சவ்வில் முட்டும். முட்டும்போது கை கொஞ்சம் கூடுதலாக அழுத்தும், அழுத்தினால் ஊசியைப் பிடிக்கிற இடுக்கியான நீடில் ஹோல்டரின் வாயில் ஊசி திரும்பிக்கொள்ளும். திரும்பியதை நேராக்கி, மறுபடி கிளிக்கென்று பூட்டி, மறுபடி குத்தவேண்டும். ஒரே இடத்தில் இரண்டு தடவை குத்திய சவ்வு ஒரு தடவை குத்திய சவ்வு இல்லை. தியேட்டர் சிஸ்டருக்கு இதெல்லாம் அத்துப்படி. என் தோள் அசைவதைப் பார்த்தே, “இன்னொண்ணு ஓப்பன் பண்ணவா, மேடம்?” என்றார். தலையாட்டினேன். உறையைக் கிழித்து ட்ரேயில் போட்டார். மிச்சத்தைப் புது நூலால் தைத்து முடித்தேன். பழைய நூலில் பாதிக்கு மேல் வெட்டிக் குப்பைக்குப் போனது.

வெளியே வந்ததும் நான் எதிர்பார்த்தது, ஊசியைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று. அவர் கேட்டது, “மேடம், அந்த ரெண்டாவது பாக்கெட் எந்தக் கணக்குல போகுது?”

நாள்தோறும் சரக்கு கொடுத்து வாங்குகிறவருக்குத்தான் அது உடனே கண்ணில் பட்டது. கமிட்டி முன்னால் வைக்கிற ஒப்பீட்டுத் தாளில் ஒரு பாக்கெட் விலை மட்டும்தான் இருக்கும். ஒரு ஆபரேஷனுக்கு எத்தனை பாக்கெட் கிழிகிறது என்பது அதில் வராது. அது ஸ்டோரிலிருந்து பொருள் கேட்டு தியேட்டர் எழுதுகிற இன்டென்டில் மொத்தமாகக் கலந்து, மாதக் கடைசியில் “கேஸ் அதிகம், அதனால் செலவு அதிகம்” என்று முடிந்துவிடும். அவர் அன்றைக்கே சிஸ்டரோடு உட்கார்ந்து இன்டென்ட் புத்தகத்தில் ஒரு கோடு போட்டுத் தனிக் கட்டம் ஏற்படுத்தினார்: எந்த நோயாளிக்கு, எந்த நூல், பேட்ச் நம்பர் என்ன, இரண்டாவது பாக்கெட் பிரித்திருந்தால் ஏன். ‘முனை மழுங்கியது’, ‘நூல் ஊசியிலிருந்து கழன்றது’, ‘முடிச்சு நழுவியது’ என்று சிஸ்டரே காரணங்களைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். நாங்கள் சர்ஜன்கள் வருடக்கணக்கில் வாயால் புலம்பியதெல்லாம் அந்தக் கட்டத்தில் கையெழுத்தோடு ஏற ஆரம்பித்தது. அடுத்த கமிட்டியில் தாளை வைத்தது அவர். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

அதன் பிறகு வாங்குகிற வரிசையே மாறியது. அரசு டெண்டரில் இரண்டு கவர் உண்டு. முதலில் தொழில்நுட்பக் கவர், அதில் தேறியவர்களுக்கு மட்டும் விலைக் கவரைப் பிரிப்பார்கள். 1994-இல் அமைத்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இதை வைத்துத்தான், விலையையும் தரத்தையும் சேர்த்துப் பிடிக்க முடியும் என்று நாட்டுக்கே காட்டியது. எங்களைப் போன்ற தனியார் இடங்களில் பேருக்கு அது இருந்தாலும், முதல் கவர் என்பது சான்றிதழ்களை எண்ணுவதோடு சரி. நாங்கள் அதில் கையைச் சேர்த்தோம். மூன்று கம்பெனி நூலை வாங்கி, பெயர் தெரியாதபடி உறைமேல் பிளாஸ்டர் ஒட்டி, எண் எழுதினார் சிஸ்டர். நெல்பேட்டைக் கறிக்கடையிலிருந்து ஆட்டின் வயிற்றுச் சுவர் வாங்கிவந்து, செமினார் அறையில் பழைய ரப்பர் ஷீட்டை விரித்து, சர்ஜன்கள் எல்லோரும் தைத்துப் பார்த்தோம். எத்தனையாவது குத்தில் முனை மழுங்குகிறது, முடிச்சு எத்தனை சுற்றில் நிற்கிறது, ஈரமானதும் நூல் சுருண்டுகொள்கிறதா என்று ஒவ்வொருவரும் எழுதினோம். ஒன்று முதல் சுற்றிலேயே கழிந்தது. மிச்ச இரண்டில் எது மேல் என்று எங்களுக்குள் ஒத்த கருத்து வரவில்லை. அப்போதுதான் விலைக் கவரைப் பிரித்தோம். குறைந்த விலைக்காரருக்கே ஆர்டர் போனது. டூ ஸீரோவுக்கு, சின்ன ஊசிக்கு, ஒரு ஐட்டம் நம்பரும் விழுந்தது.

இது சர்ஜன்களுக்கும் வலிக்கிற ஏற்பாடு. எனக்குப் பிடித்த கம்பெனிதான் வேண்டும் என்று இனி நான் சொல்ல முடியாது. புதிதாக வந்த சர்ஜன் ஒருவர் கோபப்பட்டே போனார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. பழகிய ஊசி மாறினால் பழைய வேகம் திரும்பவே நாளாகும். ஆனால் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டுமென்றால் அதற்கான காரணம் எழுதப்பட்டிருக்க வேண்டும், அடுத்தவர் படித்துச் சரிபார்க்கிற மாதிரி. எழுதுவதற்கு இடம் நாடு முழுவதற்கும் இருக்கிறது. கருவிகளால் வருகிற கெடுதலைத் தெரிவிப்பதற்கென்றே மெட்டீரியோவிஜிலன்ஸ் என்ற திட்டத்தை 2015 ஜூலையில் மத்திய அரசு தொடங்கியது. டாக்டர், நர்ஸ், டெக்னீஷியன் யார் வேண்டுமானாலும் படிவம் நிரப்பி அனுப்பலாம். நான் வேலை பார்த்த தியேட்டர்களில் அந்தப் படிவம் சுவரில் தொங்கி நான் பார்த்ததில்லை. இப்போது எங்கள் தியேட்டரில், கருவிகளைக் கிருமி நீக்குகிற ஆட்டோகிளேவ் பக்கத்தில், சிஸ்டர் கிளிப் போட்டு மாட்டி வைத்திருக்கிறார்.

பொடித் தையலால் எங்கள் நோயாளிகளுக்கு ஹெர்னியா குறைந்ததா என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல ஆட்கள் ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்து காட்டவேண்டும். வலியில்லாவிட்டால் யாரும் பேரையூரிலிருந்து பஸ் ஏறி வருவதில்லை. அதனால் ஸ்டோர் பொறுப்பாளர் கட்டம் போட்ட அதே புத்தகத்தை வைத்துக்கொண்டு, வார்டு சிஸ்டர்கள் ஃபோன் போட ஆரம்பித்திருக்கிறார்கள். இருமினால் வயிற்றில் ஏதாவது தடிப்பாகத் தெரிகிறதா என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். எண்கள் மாறிப்போனவர்கள் பாதிப் பேர். போதுமான ஆட்கள் சேருவதற்கு முன்னால் அந்தக் கணக்கைச் சொல்லிப் பெருமைப்பட மாட்டேன்.

இந்த மாதக் கமிட்டிக்கு ஹெர்னியா மெஷ் வருகிறது. வழக்கமாகத் தருகிற டீலரே விலையை இறக்கியிருக்கிறார். கொட்டேஷனில் ‘பாலிப்ரோபைலின் மெஷ்’ என்று போட்டு, நீள அகலம் மட்டும் கொடுத்திருக்கிறார். சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், கண்ணி எவ்வளவு பெரிசு என்று எதுவும் இல்லை. கனத்த மெஷ்ஷும் லேசான மெஷ்ஷும் உடம்புக்குள் ஒரே மாதிரி இருக்காது. கனத்தது விறைத்துச் சுருங்கி, குனிகிறபோதெல்லாம் இழுக்கிறது என்று நோயாளிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டு விவரத்தையும் கேட்டு ஸ்டோர் மூலமாகவே கடிதம் போயிருக்கிறது. பதில் வந்து, சாம்பிள் மேஜைக்கு வரும்வரை அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. ஸ்டோர் பொறுப்பாளரும் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.